புரியல, அத்தை

ஜகதல்பூர்
14.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

பிரதீபா எழுதுவது. இங்கே மழை விடாமல் கொட்டுகிறது, அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள், ஹரி, கீர்த்தனா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? தைராய்டு ஆபரேஷன் செய்த இடத்தில் இழுக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, இப்போது பரவாயில்லையா? குரல் கொஞ்சமாவது திரும்பியதா?

உங்கள் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் கொண்டுவந்து கொடுத்தார்கள். இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். என் மாமியார்தான், அவருக்குக் குரல் போய்விட்டது, வீட்டில் வாட்ஸப் இருக்கிற ஒரே போன் கொழுந்தன் ஹரி கையில், நாங்கள் பேசுவதை அவன் படிக்கக் கூடாதாம் என்றேன். சிரித்தார்கள். வீட்டுக்காரர் போன பிறகும் மாமியாரோடு இவ்வளவு ஒட்டுதலா என்று ஒரு டீச்சர் கேட்டார். அப்பா அம்மா இல்லாமல் செங்கல்பட்டில் மாமா வீட்டில் வளர்ந்தவள் நான் என்பதை அவரிடம் சொல்லவில்லை. வாசு விபத்தில் போன பிறகு, "என் மூஞ்சியப் பாத்துகினே இங்க உக்காந்திருக்காத" என்று அதட்டி, பி.எட். முடிக்கவைத்து, இந்தப் பள்ளிக்கூட வேலைக்கு ரயில் ஏற்றிவிட்டது நீங்கள்தான் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் ஓடு ஒழுகியது. எங்கள் பள்ளி நூலகர் தேவ்நாத் ஏறி மாற்றிக் கொடுத்தார். இந்த மழையில் சந்தைக்கு ஒரு காளான் வருகிறது. எப்படிச் சமைப்பது என்று தேவ்நாத்தின் அம்மா காட்டிக் கொடுத்தார். உங்கள் கறிக்குழம்பு மசாலாவில் போட்டுப் பார்த்தேன். தேவ்நாத் மூன்று முறை தண்ணீர் குடித்தார்.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பிரதீபா


இள்ளலூர்
27.7.2024

தீபாக் கண்ணுக்கு,

அத்தை எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் நனையாதே.

கழுத்து இழுப்பது நின்றுவிட்டது. குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாம் என்கிறார் செங்கல்பட்டு டாக்டர். திருப்போரூர் சந்தையில் நான் பேரம் பேசினால் நாலு கடைக்குக் கேட்கும் என்பார்கள். இப்போது நான் வாயசைத்ததும் எல்லோரும் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு நகர்கிறார்கள். முந்தாநாள் பால்காரரிடம், நாளைக்குப் பால் வேண்டாம் என்றேன். நன்றாகத் தலையாட்டினார். காலையில் இரண்டு லிட்டர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நாளை மறுநாள் ஆடிக் கிருத்திகை. இப்போதே காவடிக் கூட்டம் ரோட்டை அடைத்துவிட்டது. லோடு வண்டியை எடுக்க முடியாமல் ஹரி வீட்டில் உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டி கீர்த்தனாவின் சமையலுக்குக் குறை சொல்கிறான்.

உன்னைப் பார்த்து ஏழு மாசம் ஆகிறது. தசரா லீவு எத்தனை நாள்? நான் வரட்டுமா? நான் ராத்திரி ரயிலில் தூங்கிக்கொண்டு போனதே இல்லை. அதையும் பார்த்துவிடலாம்.

அந்த தேவ்நாத்துக்குப் பிள்ளைகுட்டி எத்தனை?

அத்தை
செங்கம்மாள்


ஜகதல்பூர்
18.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் வருகிறேன் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து வீட்டைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தசராவுக்குப் பத்து நாள் லீவு. இங்கே தசரா பெரிய திருவிழா, தேர் இழுப்பார்கள். ஆனால் வழிதான் சுற்று வழி. சென்னையில் காலை ரயில் பிடித்தால் இருட்டும் நேரத்தில் விசாகப்பட்டினம். அங்கே இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். அது ராத்திரி முழுக்க மலை ஏறும், நிறைய குகை வரும். விடியும்போது ஜகதல்பூர். முதலில் தெலுங்கு, அப்புறம் ஒரியா, அப்புறம் இந்தி. தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். தயவுசெய்து தனியாக வராதீர்கள். ஹரியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

குளிரும். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள்
பிரதீபா


இள்ளலூர்
8.9.2024

தீபாக் கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நல்லபடி. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையை உன்னை நினைத்துக்கொண்டே தின்றேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று. எனக்கு மட்டும்தான். தசரா சமயத்தில் ஹரிக்கு லோடு அதிகம், வண்டியை நிறுத்த முடியாது. முதலில் அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஏம்மா, வாயத் தொறந்தா காத்துதான் வருது. வழில எவனாவது இன்னா ஏதுன்னு கேட்டா இன்னா பண்ணுவ?" என்றான்.

நான் பதில் எழுதுவதற்குள் கீர்த்தனா அடுப்படியிலிருந்து, "நீ போனா மட்டும் இன்னா பேசிடுவ? உனக்கு இந்தி தெரியுமா? விசாகப்பட்டினம் தாண்டிட்டா நீயும் ஊமைதான்" என்றாள்.

அவன், "ஆமா, அதுவும் கரெக்டாதான் கீது" என்று போய்விட்டான். மறுநாள் டிக்கெட் வந்தது. சென்ட்ரலில் சீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் திரும்புவானாம். அவனுடைய கம்பளி சாக்ஸையும் கொடுத்திருக்கிறான்.

போன கடிதத்தில் நான் கேட்ட ஒன்றுக்குப் பதில் இல்லை. மறந்திருப்பாய்.

அத்தை
செங்கம்மாள்


ஜகதல்பூர்
22.9.2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் கிளம்பும் வரை உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் நூலகர் தேவ்நாத்தின் அக்கா விசாகப்பட்டினத்தில் இருக்கிறார். நீங்கள் வரும் வாரம் அவர் அக்கா வீட்டுக்குப் போகிறாராம். திரும்பும்போது உங்கள் ரயிலிலேயே, உங்கள் பெட்டியிலேயே டிக்கெட் போட்டிருக்கிறார். நீங்கள் விசாகப்பட்டினத்தில் இறங்கும்போது உங்கள் பெயரைத் தமிழில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பயப்படாமல் கூடப் போகலாம்.

உங்களுக்குக் கீழ் பர்த். மேலே ஏற வேண்டாம். ரயில் வழியில் நின்றால் இறங்காதீர்கள். ஜகதல்பூர் பிளாட்பாரத்தில் நான் நிற்பேன்.

உங்கள்
பிரதீபா


ஜகதல்பூர்
10.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? சேர்ந்துவிட்டதாக ஹரி ஒரு மெசேஜ் போட்டான். அதன் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கவலையாக இருக்கிறது.

நீங்கள் வந்து சேர்ந்த அந்தக் காலை இப்போதும் என் கனவில் வருகிறது. ரயில் வந்து நின்றது. நீங்கள் இறங்கவில்லை. பெட்டிக்குள் ஏறிப் பார்த்தேன். உங்கள் பர்த்தில் உங்கள் பை. எதிர் பர்த்தில் அவருடைய போர்வை. தேவ்நாத்தை போனில் கூப்பிட்டேன். போன் என் எதிரிலேயே அந்தப் போர்வைக்குள் அடித்தது. கீழே அவர் செருப்பு கிடந்தது. மலை மேல் ஒரு ஸ்டேஷனிலிருந்து இங்கே தகவல் வந்துசேரும் வரை நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் வாசு, அடுத்து நீங்கள் என்றுதான் தோன்றியது.

மத்தியானம் பஸ்ஸிலிருந்து நீங்கள் சிரித்துக்கொண்டே இறங்கினீர்கள். பின்னால் ஹரியின் சாக்ஸைப் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் அவர். நீங்கள் ஸ்டேஷனில் இறங்கிவிட்டதாகவும், ரயில் கிளம்பிவிட்டதாகவும், தான் குதித்ததாகவும் சொன்னார். சங்கிலியை இழுத்திருக்கலாமே என்று கேட்டேன். அது ஞாபகமே வரவில்லையாம்.

பத்து நாளும் சந்தோஷமாகத்தானே இருந்தீர்கள்? தேர் பார்த்தோம், அருவிக்குப் போனோம். நான் ஏதாவது மனம் நோகும்படி நடந்துகொண்டேனா?

உங்கள்
பிரதீபா


ஜகதல்பூர்
15.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை அப்படி எழுத வரவில்லை.

"அம்மா நல்லா கீது அண்ணி" என்று ஹரி போனில் சொல்கிறான். அப்படியானால் நீங்கள் வேண்டுமென்றேதான் எழுதாமல் இருக்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நீங்கள் இங்கே இருந்தபோது தினமும் காலையில், இன்று சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன். நீங்கள் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருப்பீர்கள். சொல்ல வாய் வராது.

தேவ்நாத் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். கேட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவரைப் பிடிக்காமல் இல்லை. சரி என்று சொன்ன மறுநாள் நான் உங்களுக்கு யார் என்பது எனக்குத் தெரியவில்லை. இள்ளலூர் வீட்டைத் தவிர நான் போய் இறங்க ஒரு வீடு கிடையாது. தீபாவளிக்கு எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு எனக்கு அந்த ஓர் ஊர்தான் இருக்கிறது. அதை இழந்துவிட்டு ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம்.

வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அவரிடம் அப்படியே சொல்லிவிடுவேன். வருத்தப்படமாட்டேன் என்று பொய் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிடுவேன். ஒரு வரி எழுதுங்கள் அத்தை.

பிரதீபா


இள்ளலூர்
19.1.2025

தீபாக் கண்ணுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். உன்னை இத்தனை நாள் கலங்க வைத்தேனே என்பதுதான் உறுத்துகிறது.

அந்த ராத்திரி நடந்ததை நான் உனக்குச் சொல்லவே இல்லை. அவனும் பாதிதான் சொல்லியிருப்பான், மீதி அவனுக்கே தெரியாது.

விசாகப்பட்டினத்தில் என் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனே பார்த்து எழுதியிருக்கிறான் போல, சின்னப் பிள்ளை கோலம் போட்ட மாதிரி இருந்தது எழுத்து. என்னைப் பார்த்ததும், "அத்தை, சாப்ட்டீங்களா?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் தெரியாதவன் அம்மா என்பான், மாதாஜி என்பான். அத்தை என்று ஒருவன் கூப்பிட வேண்டுமானால், என் அத்தை என் அத்தை என்று ஓயாமல் சொல்லும் ஒருத்தியோடு அவன் பழகியிருக்க வேண்டும். அந்தச் 'சாப்ட்டீங்களா'வும் நீ இழுக்கிற மாதிரியே இழுத்தான்.

அப்புறம் அவன் பையைப் பார்த்தேன். ஒரு போர்வை, ஒரு தண்ணீர் பாட்டில். அக்கா வீட்டிலிருந்து வருகிறவன் கையில் ஒரு டப்பா பலகாரம்கூட இல்லை. எந்த அக்கா தம்பியை வெறுங்கையோடு அனுப்புவாள்? இவன் என்னைக் கூட்டிப்போக மட்டுமே முந்தின ராத்திரி ரயில் ஏறி வந்திருக்கிறான் என்று புரிந்துவிட்டது. எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. உன்மேல் அதைவிடக் கோபம். பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்குத்தான் பேச்சே இல்லையே, கோபம் அவனுக்கு எப்படித் தெரியும்? என் கம்பளியை என் காலில் போர்த்திவிட்டு அவன் பாட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான்.

குகைக்குள் போகும்போதெல்லாம் காது அடைத்தது, மூச்சு முட்டியது. ரயில் எங்கோ நின்றது. அவன் கண்ணசந்திருந்தான். நீ இறங்காதே என்று எழுதியிருந்தாய்தான். முகம் கழுவினால் தேவலாம் போலிருந்தது, இறங்கிவிட்டேன். குழாயில் கழுவித் திரும்பினால் ரயில் நகருகிறது. கூப்பிட வாயைத் திறந்தேன். காற்று. ஓடப் பார்த்தேன், முழங்கால் விடவில்லை. பெட்டி ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகிறது. அப்போதுதான் வாசலில் அவன் தலை தெரிந்தது. என்னைப் பார்த்தான், குதித்தான். விழுந்து, எழுந்து, வெறுங்காலோடு ஓடி வந்தான். வாசு போன நாளிலிருந்து எனக்காக யாரும் அப்படி ஓடி வந்து நான் பார்க்கவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பெஞ்சும் ஆளுக்கொரு டீயும் கொடுத்தார். உன் போன் நம்பர் அவனுக்கு மனப்பாடம் இல்லை. தலையில் அடித்துக்கொண்டான். பனி கொட்டியது. அவன் கால் நடுங்குவதைப் பார்த்து ஹரியின் சாக்ஸைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொள்ள மாட்டேன் என்றான், முறைத்ததும் போட்டுக்கொண்டான்.

அப்போது எனக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எழுதிக் காட்டினால் அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் வாயைத் திறந்து, "எங்க தீபாவ நல்லா வச்சுக்குவியா?" என்று கேட்டேன். காற்றுதான் வந்தது. அவன் கிட்டே வந்து, என் வாயருகே காதை வைத்து, முடியும் வரை கேட்டான். மற்ற எல்லோரையும் போலத் தலையாட்டுவான் என்று பார்த்தேன். தலையாட்டவில்லை. "புரியல, அத்தை" என்றான்.

மறுபடி கேட்டேன். மறுபடி காதைக் கொடுத்தான். "புரியல, அத்தை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குரல் போனதிலிருந்து என்னிடம் நிஜம் பேசிய முதல் ஆள் அவன்தான் தீபா. ஒரு தலையாட்டலில் என்னைச் சமாளித்திருக்கலாம். என் கோபம் அந்தப் பெஞ்சிலேயே போய்விட்டது.

அப்படியென்றால் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். ஊருக்கு வந்த மறுநாள் கீர்த்தனா, "ரயில் இன்னா மாதிரி இருந்துச்சு அத்தை?" என்று கேட்டாள். அவன் சாக்ஸோடு பஸ் ஏறியதை நினைத்துச் சிரித்தேன். தலையைத் தூக்கினால் எதிரே வாசு படம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, அவன் இடத்துக்கு வருகிறவனை நினைத்துச் சிரிக்கிறேனே என்று அடுப்படிக்கு எழுந்துபோய்விட்டேன். அவனைப் பிடித்துப்போனதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. பிடிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே திட்டி எழுதியிருப்பேன்.

காணும் பொங்கலுக்கு எல்லோரும் மாமல்லபுரம் போனோம். வாசு இருக்கும்போது போவோமே, அதே சவுக்குத் தோப்புப் பக்கம். சாப்பாட்டைப் பிரித்ததும் கீர்த்தனா ஓர் இலை கூடுதலாகப் போட்டுவிட்டாள். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஹரி எழுந்து கடல் பக்கம் போய்விட்டான். நான் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் குரல் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மற்றவர்களுக்கு என்ன வந்தது? மூன்று வருஷமாக இந்த வீட்டில் ஒருவரும் வாசு பேரைச் சொல்வதில்லை, அதையே அவனுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே ஒரு வருஷமாகப் பதில் சொல்லாமல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய். போதும்.

அவனிடம் சரி என்று சொல். நீ எனக்கு யார் என்று கேட்டாய். கல்யாணத்தன்று பெண் வீட்டார் பக்கம் நான் நிற்கும்போது பார்த்துத் தெரிந்துகொள். அதற்காக அம்மா கிம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிடாதே. அத்தையாகவே இருந்துவிட்டுப் போகிறேன், எனக்கு அதுதான் பழக்கம்.

ஹரியிடம் இன்னும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். நீ போன் போடாதே.

அத்தை
செங்கம்மாள்


ஜகதல்பூர்
2.2.2025

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். இதை இன்று முழு மனதோடு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, அத்தைக்கு என்ன ஆயிற்று என்று அவர் பதறினார். ஒன்றும் ஆகவில்லை, சரி என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் கையிலிருந்த புத்தகங்களை எந்த அலமாரியில் வைத்தாரோ, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

மே மாத லீவில் பதிவுத் திருமணம், அவர் வீட்டில் சாப்பாடு. அவ்வளவுதான். அவர் அம்மா உங்களுக்குத் தனியாக வணக்கம் சொல்லச் சொன்னார்.

ஹரியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. வாசுவைக் கொண்டுவந்த அன்று எனக்கு முன்னால் விழுந்து அழுதவன் அவன். அவன் முகம் கோணினால் என்னால் தாங்க முடியாது. கட்டாயப்படுத்தாதீர்கள். அவன் வராவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

ஜூலையில் நீங்கள் கேட்ட கேள்விக்கு: தேவ்நாத்துக்குப் பிள்ளைகுட்டி இல்லை. பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

உங்கள்
பிரதீபா


இள்ளலூர்
23.2.2025

அன்புள்ள ~~அண்ணிக்கு~~ அக்காவுக்கு,

ஹரிஹரன் எழுதுவது. அம்மா, கீர்த்தனா, நான் எல்லோரும் சௌக்கியம். நீயும் மாமாவும் சௌக்கியமா? மேலே ஒரு வார்த்தையை அடித்திருக்கிறேன். பழக்கத்தில் வந்துவிட்டது. வேறு தாளில் எழுதலாம் என்று பார்த்தேன், கீர்த்தனா இருக்கட்டும் என்றாள். பத்தாவது பரீட்சைக்கு அப்புறம் நான் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்.

அம்மா என்னிடம் சொன்ன விதம் இருக்கிறதே. நான் சாப்பிட உட்கார்ந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எழுதி ஒவ்வொன்றாகத் தட்டு பக்கத்தில் வைத்தது. முதல் தாளைப் படித்ததுமே "இன்னாம்மா இது?" என்று எழுந்துவிட்டேன். கை கழுவக்கூட இல்லை. அப்புறம் நாலைந்து நாள் வீட்டில் சாப்பிடவில்லை. அன்றைக்கு அம்மா தாளை எடுக்கவும் இல்லை, தட்டை எடுக்கவும் இல்லை. கீர்த்தனாதான் கடைசியில் கழுவி வைத்தாள்.

படூருக்கு ஒரு லோடு வந்தது. அண்ணன் விழுந்த இடம் உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் நான் கேளம்பாக்கத்திலேயே திரும்பிச் சுற்றிக்கொண்டு போய்விடுவேன். மூன்று வருஷமாக அப்படித்தான். அன்றைக்குச் சுற்றவில்லை. வண்டியை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே பெரிய அபார்ட்மெண்ட் வந்துவிட்டது. வாட்ச்மேன் வந்து, "இன்னாப்பா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். "இல்லண்ணாத்த, எங்க அண்ணன் இங்கதான் செத்துச்சு" என்றேன். வெளியாளிடம் நான் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டிவிட்டுப் போனார்.

உன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அங்கே ஒண்டியாக இருக்கிறாய் என்று தெரியும். ஆனால் போன் போட்டால், "நல்லா கீறீங்களா அண்ணி"க்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்க வராது. கேட்டால் நீ அழுதுவிடுவாயோ, நான் அழுதுவிடுவேனோ என்று பயம். ஒருத்தர் உன்னிடம் தினமும் சாப்ட்டியா என்று கேட்கிறார் என்றால் அதற்கு நான் ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அப்ப நான் அவர இன்னான்னு கூப்புடறது?" என்றேன். அம்மா என்னவோ சொல்ல வந்தது, காற்றுதான் வந்தது, அழுகையும் வந்தது. கீர்த்தனாதான், "அக்கா புருஷன்னா மாமாதான?" என்றாள். சரி என்று கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன்.

மே மாதத்துக்கு டிக்கெட் பார்த்துவிட்டேன். பெண் வீட்டார் முந்தின நாளே வந்து இறங்க வேண்டும் என்று அம்மா எழுதிக் காட்டியது. எனக்கு அது ஒத்துவராது. அம்மாவும் கீர்த்தனாவும் முந்தின நாள் வரட்டும். நான் ஒரு வாரம் முன்னாலேயே வருகிறேன். பந்தல், பாத்திரம், சமையல்காரர் எல்லாம் அங்கே யாரிடம் பேச வேண்டும் என்று மாமாவைக் கேட்டு எழுது. அக்கா கல்யாணத்துக்குத் தம்பி கடைசி நேரத்தில் விருந்தாளி மாதிரி வந்து நின்றால் நன்றாகவா இருக்கும்?

உன் தம்பி
ஹரிஹரன்